மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ‘டேக்’

வாருங்கள், இன்னும் கிட்ட வாருங்கள். அந்த ஓரத்தில் உட்கார்ந்தால் என் குரல் எட்டாது. எட்டாவிட்டால் பாதியில் "என்ன சொன்னீங்க" என்று கேட்பீர்கள், எனக்குக் கதை அறுந்துபோகும். காலை நீட்ட வேண்டுமா, நீட்டிக்கொள்ளுங்கள் கண்ணுகளா. இன்றைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கதை. இரண்டே இரண்டு இங்கிலீஷ் சொல்லை வைத்துக்கொண்டு நாலு மாடிக் கட்டடத்தையே படுக்கவைத்தார்கள் பாருங்கள், அந்தக் கதை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். கோபம் வந்தால் அதையும் அடக்க வேண்டாம். எனக்கு வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஒருவர். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. எல்லோரும் அவரைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய வேலையில் சில கணக்குகள் உண்டு. சமதரையில் நோயாளியின் கால் முன்னால் போக வேண்டும். அப்போதுதான் தலைமாட்டில் நின்று தள்ளுகிறவருக்கு முகம் தெரியும். சரிவில் ஏறும்போது ஸ்ட்ரெச்சரைத் திருப்பி, தலை மேட்டுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வாசற்படியோ விரிசலோ வந்தால், சக்கரம் ஏறுவதற்கு முன்னால் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "குலுங்கும்" என்று சொல்ல வேண்டும். இதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வலியில் இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

இப்படி இருக்கையில் ஒருநாள் தணிக்கை அதிகாரி வந்தார். வார்டுப் பதிவேட்டில் முன்னூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள் ‘டேக்’ செய்யப்பட்டதாக எழுதியிருந்தது. ஆபரேஷன் தியேட்டர்ப் பதிவேட்டில் முன்னூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள் ‘பிரிங்’ செய்யப்பட்டதாக எழுதியிருந்தது. அதிகாரி இரண்டையும் கூட்டினார். அறுநூற்று இருபத்து நாலு. கட்டில்களோ முன்னூற்றுப் பன்னிரண்டு. "மீதிப் பேர் எங்கே?" என்று ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

வார்டிலிருந்து கொண்டுபோன அதே ஆள்தான் தியேட்டருக்குக் கொண்டுவரப்பட்ட ஆளும் என்று நீங்கள் சொல்வீர்கள். அங்கே துணி துவைக்கிற அம்மாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னதை அறிக்கையாக ஏற்றுக்கொள்ள முடியாது அல்லவா? ஆகவே ஆஸ்பத்திரி இயக்குநர் ஒரு மொழி ஆலோசகரை வரவழைத்தார். கழுத்தில் டை, கையில் தலையணைத் தடிமனுக்கு ஒரு அகராதி. வந்த இரண்டாம் நாளே அவருக்கு அகராதி என்று பெயர் விழுந்துவிட்டது.

அகராதி மூன்று மாதம் ஆராய்ந்தார். தொண்ணூறு பக்கத்தில் அறிக்கை கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: பேசுகிறவரை நோக்கி ஒன்றை நகர்த்தினால் ‘பிரிங்’. பேசுகிறவரை விட்டு விலக்கி நகர்த்தினால் ‘டேக்’.

கொண்டுவா, கொண்டுபோ. நம் வீட்டில் பேச்சு வந்த குழந்தைக்கு இது தெரியும். அது தொண்ணூறு பக்கம் எழுதாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அறிக்கை வெளியீட்டு விழாவில் இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். "இத்தனை வருஷமா நம்ம நோயாளிங்க எல்லாம் வினைச்சொல்லே இல்லாம நகர்ந்துட்டிருந்தாங்க. சீக்கிரமா போய்ச் சேர்ந்தாங்க, ஒத்துக்கறேன். ஆனா எப்படிப் போய்ச் சேர்ந்தாங்கன்னு ஒரு காகிதம் உண்டா? நான் கேக்கறேன், குணமாகறது மட்டும் போதுமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டாதவர்களின் பெயரை ஒருவர் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே ஸ்ட்ரெச்சர்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். பிரிங் பிரிவுக்குப் பச்சைச் சட்டை. டேக் பிரிவுக்கு நீலச் சட்டை. இரண்டு பிரிவுக்கும் தனித்தனி மேற்பார்வையாளர், தனித்தனி படிவம், தனித்தனி டீ நேரம். சக்கரத்துக்குப் பச்சைச் சட்டை கிடைத்தது. கையும் பத்தவில்லை, கழுத்தும் பிடித்தது.

பத்து நாள் பயிற்சி வகுப்பு. அகராதி கரும்பலகையில் இரண்டு சொல்லையும் எழுதிவிட்டுச் சக்கரத்தை எழுப்பினார்.

"ஒரு நோயாளியை வார்டுல இருந்து தியேட்டருக்கு நகர்த்தணும். இது பிரிங்கா, டேக்கா?"

"ஆளுக்கு வலி இருக்கா சார்?"

"அது கேள்வியில இல்ல."

"இல்ல சார், எலும்பு உடைஞ்சவங்கன்னா மெதுவா தள்ளணும், அதான் கேட்டேன்."

"வேகம் வினையடை. அது அடுத்த வருஷப் பாடம். இப்ப வினைச்சொல்லை மட்டும் சொல்லுங்க."

சக்கரம் தலையைச் சொறிந்தார். "பேசறவரை நோக்கின்னு சொல்றீங்களே சார், பேசறவர்னா யாரு? நான் ஒண்ணும் பேசறதில்ல. ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கவங்கதான் ‘ஐயோ அம்மா’ன்னு கத்திட்டே வருவாங்க. அவங்களா?"

வகுப்பே சிரித்தது. அகராதி சிரிக்கவில்லை. அறிக்கையைப் புரட்டினார். தொண்ணூறு பக்கத்தில் அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை.

அன்று மாலையே அவசரக் குழு கூடியது. நோயாளி பேசுகிறவராக இருக்க முடியுமா? முடியாது, மயக்க மருந்து கொடுத்ததும் பேச்சு நின்றுவிடும். டாக்டரா? டாக்டர்கள் நாற்பது பேர், நாற்பது திசை. கடைசியில் குழு ஒருமனதாக முடிவு செய்தது: இந்த ஆஸ்பத்திரியில் பேசுகிறவர் என்றால் இயக்குநர் ஒருவர்தான். அவர் எங்கே இருக்கிறாரோ அதை வைத்தே மற்ற எல்லோரும் நகர வேண்டும்.

இயக்குநர் அடக்கமாகத் தலைகுனிந்து, "இது எனக்குக் கிடைச்ச பதவி இல்ல, சுமை" என்றார்.

கீழ்த்தளத்தில் ஒரு நீளமான நடைவழி. மேற்குக் கோடியில் வார்டுகள், கிழக்குக் கோடியில் தியேட்டர், சரியாக நடுவில் இயக்குநரின் அறை. அந்த அறை வாசலுக்கு நேராகத் தரையில் குறுக்காக ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். வார்டிலிருந்து கோடு வரைக்கும் நோயாளி இயக்குநரை நோக்கி வருகிறார். ஆகவே பிரிங், பச்சைச் சட்டை தள்ளும். கோட்டைத் தாண்டினால் அவரை விட்டு விலகுகிறார். ஆகவே டேக், நீலச் சட்டை தள்ளும். கோட்டில் நோயாளியை ஒரு ஸ்ட்ரெச்சரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, மூன்று பிரதியில் கையெழுத்து வாங்க வேண்டும்.

இதுவாவது பரவாயில்லை. இயக்குநர் அறையிலேயே இருந்தால்தானே? அவரும் மனிதர், நடமாடுவார். அவர் தியேட்டர்ப் பக்கம் போனால் நடைவழி முழுக்கப் பிரிங் ஆகிவிடும். வார்டுப் பக்கம் போனால் தியேட்டருக்குப் போகிற வழி முழுக்க டேக். கழிப்பறை வார்டுப் பக்கம் இருந்தது. அவருக்கு நீரிழிவு வேறு. அதனால் அவருக்குப் பத்தடி முன்னால் கைமணியோடு ஒரு ஆள் நடந்தார். "டைரக்டர் மேற்கே போறார்! டைரக்டர் மேற்கே போறார்!" மணிச் சத்தம் கேட்டதும் பச்சைச் சட்டைகள் கையை எடுத்துவிட வேண்டும், நீலச் சட்டைகள் ஓடிவர வேண்டும். அவர் மாடிக்குப் போய்விட்டால் என்ன வினைச்சொல் என்று இன்னும் முடிவாகவில்லை; ஆகவே எல்லா ஸ்ட்ரெச்சரும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒருமுறை இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கட்டுரை படிக்க இயக்குநர் வெளிநாடு போனார். கிழக்கே இருந்த நாடு. அந்த ஒன்பது நாளும் ஸ்ட்ரெச்சர்காரர்களின் கழுத்தில் திசைகாட்டி தொங்கியது. நான் சிரிப்புக்காகக் கூட்டிச் சொல்லவில்லை, கண்ணு. கூட்டிச் சொல்ல இதில் இடமே இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சக்கரத்தின் அக்கா விழுந்தாள்.

அக்கா மாவு மில்லில் வேலை செய்கிறவள். ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம் அரவை மெஷின் முன்னால் நிற்க வேண்டும். தம்பியை வளர்த்தது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அந்த மெஷின் முன்னால் நின்றுதான். தரையில் சிந்திய மாவில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்தது. பதினாலாம் எண் கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

எலும்பு டாக்டர் ஒரு அம்மா. அதிகம் பேச மாட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வியாழக்கிழமை பத்தரைக்குக் கொண்டாங்க, பிளேட் வெச்சிடறேன். பன்னெண்டுக்கு தியேட்டர் வேற டாக்டருக்குப் போயிடும். அன்னிக்கு விட்டா நாப்பது நாள் கழிச்சுத்தான் அடுத்த இடம். அதுக்குள்ள எலும்பு அது இஷ்டத்துக்குக் கோணலா ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கிட்டா நிக்க முடியுமா டாக்டர்?" என்றாள் அக்கா.

"கொஞ்ச நேரம் நிக்கலாம். நாள் பூரா முடியாது."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நிற்கிறவளுக்கு மில்லில் வேலை இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே பச்சைப் படிவத்தை நிரப்பிக்கொண்டு சக்கரம் அக்காவின் தலைமாட்டில் நின்றார். கால் முன்னே, தலை பின்னே. மேற்பார்வையாளர் படிவத்தைப் பார்த்தார். "உறவுன்னு போட்டிருக்கே. சொந்தக்காரங்களைத் தள்ளறது பிரிங்தானான்னு அகராதி சாரைக் கேக்கணும்." கேட்டுவிட்டு வர இருபது நிமிஷம்.

புறப்பட்டார்கள். மஞ்சள் கோட்டுக்கு முப்பதடி இருக்கும்போது மணி அடித்தது.

"டைரக்டர் மேற்கே போறார்!"

இயக்குநர் கழிப்பறைக்குப் போகிறார். ஸ்ட்ரெச்சரைத் தாண்டிப் போனார், அக்காவைப் பார்த்துக் கையசைத்தார். இப்போது தியேட்டர்ப் பக்கம் போவது டேக். பச்சைச் சட்டை தொடக்கூடாது. நீலச் சட்டை யாரும் அங்கே இல்லை. பின்னாலிருந்து மேற்பார்வையாளர் கத்தினார்: "சும்மா நிக்காதேய்யா! வார்டுப் பக்கம்னா பிரிங்தானே, அந்தப் பக்கம் தள்ளு!"

"தியேட்டருக்குப் போகணும் சார்."

"உனக்கு அனுமதி இருக்கற திசையில போ!"

அக்கா திரும்பவும் வார்டுக்கே வந்து சேர்ந்தாள்.

"என்னடா, மறந்துட்டியா எதையாவது?" என்றாள்.

"இல்லக்கா. டைரக்டர் ஒண்ணுக்குப் போயிருக்கார்."

"அவர் போனா நான் ஏன்டா திரும்பணும்?"

சக்கரம் விளக்கினார். பிரிங் என்றார், டேக் என்றார், பேசுகிறவர் என்றார். அக்கா வலியோடு முழுவதையும் கேட்டாள். "இதுக்குப் படிப்பு வேற படிச்சீங்களா?" என்றாள்.

"பத்து நாள், அக்கா."

"உன்னை ஸ்கூலுக்கு அனுப்பினதுக்குப் பதிலா மாடு மேய்க்க அனுப்பியிருக்கலாம். மாட்டுக்காவது திசை தெரியும்."

இரண்டாவது தடவை கோட்டுக்குப் பத்தடி வரை வந்தார்கள். இயக்குநர் மாடிக்கு ஏறினார். எல்லாம் நின்றது. நடைவழியில் பதினொரு ஸ்ட்ரெச்சர், பதினொரு முகம். ஒரு பெரியவர், தன்னை ஏற்கனவே ஆபரேஷன் முடித்துத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று பத்து. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சக்கரம் அவள் தோளில் கை வைத்துக்கொண்டே நின்றார்.

பதினொன்று முப்பதுக்கு இயக்குநர் இறங்கிவந்தார். தனியாக இல்லை. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து பார்வையாளர்கள் ஏழெட்டுப் பேர். இந்த ஏற்பாட்டைத் தங்கள் இடத்திலும் கொண்டுவர ஆசைப்பட்டு வந்தவர்கள். சக்கரம் மிச்சப் பத்தடியையும் தள்ளிக் கோட்டின் ஓரத்தில் வந்து நிற்கிறார். அந்தப் பக்கம் நீலச் சட்டைக்காரர் காலி ஸ்ட்ரெச்சரோடு காத்திருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய அகராதி, பார்வையாளர்களோடு நிற்கிறார்.

"சார், கையெழுத்து" என்றார் சக்கரம்.

"பொறுங்க. டைரக்டர் பேசறார்."

இயக்குநர் கோட்டின்மேல் ஏறி நின்றார். "இதோ, இதுதான் அந்தக் கோடு. எனக்கு இந்தப் பக்கம் பிரிங், எனக்கு அந்தப் பக்கம் டேக். இந்த அம்மாவைப் பாருங்க. காலையில இருந்து ரெண்டு தடவை வந்திருக்காங்க. பழைய முறையில ஒரு தடவைதான் வந்திருப்பாங்க!"

பார்வையாளர்கள் குறிப்பெழுதினார்கள்.

"வலிக்குதாம்மா?" என்றார் அக்காவிடம்.

"வலிக்குது சாமி. கொஞ்சம் வழி விட்டீங்கன்னா..."

"பாத்தீங்களா, வலியிலயும் எவ்வளவு பொறுமை! வலி வரும், போகும். ஆனா பதிவேடு? அது நிரந்தரம்." சொல்லிக்கொண்டே, கோட்டின் முழு நீளத்தையும் காட்டுவதற்காகப் பின்பக்கமாகவே நாலடி நடந்தார். ஐந்தாவது அடியில் மணிக்காரர் தரையில் வைத்திருந்த கைமணி இருந்தது.

விழுந்த சத்தத்தோடு மணிச் சத்தமும் சேர்ந்து கேட்டது. பழக்கதோஷத்தில் எல்லோரும் ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

"ஐயோ, கணுக்கால்! யாராவது என்னைத் தூக்குங்கப்பா!"

பச்சைச் சட்டை ஒருவர் ஓடிவந்தார். நீலச் சட்டை ஒருவரும் ஓடிவந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அகராதியைப் பார்த்தார்கள்.

அகராதிக்கு வியர்த்தது. "தொடாதீங்க! சார்தான் பேசுகிறவர். சாரை எங்க நகர்த்தினாலும் பேசுகிறவரும் கூடவே வந்துடுவார். சாரை சார்கிட்டவே கொண்டுவர முடியாது. சார்கிட்டேருந்து சாரைக் கொண்டுபோகவும் முடியாது."

"அட மடையா, வலிக்குதுய்யா!"

"அது கேள்வியில இல்ல சார்."

தரையில் கிடந்த இயக்குநர் அண்ணாந்து பார்த்தார். பார்வையாளர்கள் பேனாவோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரியான நிலைப்பாடு" என்றார். "குழுவைக் கூட்டுங்க."

குழு அங்கேயே, அவரைச் சுற்றி, நாற்காலி போட்டு உட்கார்ந்தது. பதினொன்று நாற்பத்தைந்து.

"தம்பி" என்றாள் அக்கா. குரல் மெலிந்திருந்தது. "எல்லாரும் அங்கதானே பாக்கறாங்க?"

"ஆமா அக்கா."

"அப்ப ஏன் நிக்கறே?"

சக்கரம் பச்சைப் படிவத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருஷச் சம்பளம், வீட்டில் இரண்டு பிள்ளைகள். படிவத்தை மடித்துப் பச்சைச் சட்டைப் பையில் வைத்தார். அக்காவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"குலுங்கும்" என்றார்.

"இரு. அந்த ஆள் தலைக்கு ஏதாவது குடுத்துட்டு வா. வெறுந்தரை. மடப்பயலா இருந்தாலும் வலி வலிதானே."

அக்காவின் ஒரு தலையணையை உருவி இயக்குநரின் தலைக்கடியில் வைத்துவிட்டு, சக்கரம் மஞ்சள் கோட்டைத் தாண்டினார். அந்தப் பக்கம் நின்ற நீலச் சட்டைக்காரர் தன் காலி ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் இழுத்துவிட்டு, எதையும் பார்க்காதவர்போல ஓடிப்போய்த் தியேட்டர்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம்.

"படிவம் எங்கேன்னு கேக்கலையா டாக்டர்?" என்றார் தியேட்டர் குமாஸ்தா.

"கையுறை போட்டாச்சு. காகிதத்தைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்து வந்த டாக்டரிடம் கெஞ்சி, ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டார். பிளேட் உட்கார்ந்தது. எலும்பு நேராக உட்கார்ந்தது.

இயக்குநர் சாயங்காலம் நாலரை வரை கோட்டிலேயே கிடந்தார். போய் எடுத்துவருகிற ‘ஃபெட்ச்’ என்று மூன்றாவதாக ஒரு பிரிவை உண்டாக்கி, அதற்கு ஒரு மேற்பார்வையாளரை நியமித்து, மெரூன் நிறத்தில் சட்டை தைக்க ஆள் அனுப்பி, அதற்கப்புறம்தான் அவரைத் தூக்கினார்கள். பார்வையாளர்கள் மிகவும் திருப்தியாகத் திரும்பிப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்துச் சக்கரத்தின் மேல் விசாரணை. குற்றச்சாட்டு: ‘வினைச்சொல் இன்றி நோயாளியை நகர்த்தியது.’ தண்டனை: வேலை நீக்கம். மேசைக்குப் பின்னால் இயக்குநர், பக்கத்தில் அகராதி. சாட்சியாக அக்காவை அழைத்திருந்தார்கள்.

அக்கா ஒரு கைத்தடியோடு நடந்து வந்தாள். உட்காரச் சொன்னார்கள், நின்றாள்.

"அன்னிக்கு மஞ்சள் கோட்டுக்கு அப்புறம் உங்களை இவர் எப்படி நகர்த்தினார்? பிரிங்கா, டேக்கா?" என்றார் அகராதி.

"மெதுவா" என்றாள் அக்கா.

"அது வினைச்சொல் இல்லம்மா."

"எனக்குத் தெரிஞ்சது அதுதான் சார். மெதுவா. குலுங்காம."

அகராதி குற்றப்பத்திரிகையை நிரப்பப் பேனாவைத் திறந்தார். ‘குற்றம் சாட்டப்பட்டவர் நோயாளியை’ வரை எழுதினார். நின்றார். அடித்தார். திரும்ப எழுதினார். அப்புறம் இயக்குநரின் காதில் சொன்னார்: "சார், சிக்கல். பிரிங்னு எழுதினா அவர் பச்சைச் சட்டை, குற்றமே இல்ல. டேக்னு எழுதினா அன்னிக்கு டேக் நடந்ததா எந்தப் பதிவும் இல்ல. வினைச்சொல் இல்லாம எழுதினா வாக்கியமே நிக்காது. வாக்கியம் இல்லாம எப்படி சார் வேலையை விட்டு நீக்கறது?"

"அப்ப என்னதான் நடந்தது?"

"நம்ம பதிவேட்டின்படி எதுவும் நடக்கல. இந்த அம்மா இன்னும் பதினாலாம் கட்டில்லதான் படுத்திருக்காங்க. ஆபரேஷன் காத்திருப்புப் பட்டியல்ல இருக்காங்க."

இயக்குநர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவர் கண்ணெதிரே இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். "பட்டியல்ல தொடரட்டும். நகர்த்தியதா நிரூபணம் இல்ல. இவர் வேலையில இருக்கலாம்."

சக்கரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கும்பிடவில்லை. தடியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். நடைவழியில் மஞ்சள் கோட்டை அவள் நெருங்கும்போது அகராதி வாசலுக்கு ஓடிவந்தார்.

"அம்மா, நில்லுங்க! நீங்க இப்ப எந்தப் பிரிவுல போறீங்க?"

"ரெண்டு மணி ஷிஃப்டுல" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல். "மெஷின் ஓடணும்."

நேரமாயிற்று, நீங்களும் வீட்டுக்குக் கிளம்புங்கள், என் செல்லங்களே. உங்கள் வீட்டில் யாரும் விழாமல் இருக்கட்டும். விழுந்தாலும், என்ன ஏது என்று எழுதிக்கொண்டு நிற்காமல் முதலில் தோளில் கை வைக்கிற ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் வீட்டில் உழைத்துச் சோறு போடுகிற கால்கள் எல்லாம் நின்று, நடந்து, நெடுநாள் நல்லா இருக்கட்டும்.